தடோக்கு இலவச நூல்கள்: ஜப்பானியம் படிக்கப் பழகுகிறவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வின் தொடக்க நிலைகளான என்5, என்4 இரண்டிலும் சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 120 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அதில் 38 வாங்கினால் அந்தப் பகுதியில் தப்பிவிடலாம். வாசிப்பில் கோட்டை விட்டவர்கூடச் சொற்களையும் இலக்கணத்தையும் உருப்போட்டு என்4 சான்றிதழோடு வந்துவிடுவார். என்3-இல்தான் மூட்டை பிரிகிறது. வாசிப்புக்கென்றே தனியாக 60 மதிப்பெண்; அதில் 19-க்குக் கீழே போனால் மற்ற இரண்டு பகுதிகளில் எவ்வளவு அள்ளியிருந்தாலும் தோல்விதான். சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் இந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் என்4 முடித்த கையோடு என்3 பாடநூலை வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் வாங்காமலே கிடைக்கிற ஒன்றைப் பார்த்துவிடலாம்.

தோக்கியோவில் ‘தகெங்கோ தடோக்கு’ என்றொரு லாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. 2002-இல் ஜப்பானியப் பரந்த வாசிப்புக்கான ஆய்வுக் குழுவாகத் தொடங்கியது. ‘த’ என்றால் நிறைய, ‘டோக்கு’ என்றால் வாசிப்பு. நிலை பிரித்து எழுதிய சிறு நூல்களை இவர்கள் தயாரிக்கிறார்கள். ஒரு பகுதி பதிப்பகங்கள் வழியாகப் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகிறது. இன்னொரு பகுதி அவர்களுடைய தளத்திலேயே பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கிறது. பலவற்றுக்கு ஒலிப்பதிவும் உண்டு. இந்த இலவசத் தொகுப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

நிலைகள் 0 முதல் 5 வரை. 0-க்கும் 1-க்கும் சொல் வரம்பு 350தான், வேறுபாடு நீளத்தில். 0-ஆம் நிலையில் ஒரு நூல் முழுவதும் சேர்த்தே 400 எழுத்துக்குள் முடிந்துவிடும்; முதல் நிலையில் 400 முதல் 1,500 வரை போகும். இரண்டாம் நிலைக்கு 500 சொல், மூன்றாம் நிலைக்கு 800, நான்காவதுக்கு 1,300, ஐந்தாவதுக்கு 2,000. இலக்கணமும் அதே போலப் படிப்படியாகத் திறக்கிறது. 0, 1 இரண்டிலும் ‘தெஸ்–மாஸ்’ என்று முடியும் மரியாதை நடைதான். எச்ச வடிவமும் பெயரெச்சத் தொடரும் இரண்டாம் நிலையில் வருகின்றன. செயப்பாட்டு வினை, ‘முடியும்’ வடிவம், ‘-ஆல்’ நிபந்தனை எல்லாம் மூன்றில். பிறவினை நான்கில். பாடநூல் வரிசையோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதால், என்5 முடித்தவருக்கு 0-ஆம் நிலையிலும் முதல் நிலையிலும் புதிதாக ஒரு விதியும் இராது. இராதது நல்லது. இங்கே பழக வேண்டியது கண்.

தொகுப்போடு நான்கு விதிகளையும் சொல்கிறார்கள்: எளியதிலிருந்து தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, சுகப்படவில்லையா, அந்த நூலை வைத்துவிட்டு வேறொன்றை எடு. கேட்டால் சோம்பேறிக்கு எழுதிக் கொடுத்த சலுகைச் சீட்டு மாதிரி இருக்கும். உண்மையில் பின்பற்றக் கடினமானது முதல் விதி. என்4 சான்றிதழ் கையில் இருப்பவர் ‘படம் போட்ட பூனைக் கதையா’ என்று 0-ஐயும் 1-ஐயும் தாண்டி நேரே மூன்றாம் நிலையைத் திறப்பார். இருபது நிமிடத்தில் நான்கு பக்கம். ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, அதைத் திரும்பத் தமிழில் யோசித்து, தலை கனத்து மூடிவைப்பார். சொல்லெல்லாம் தெரிந்தவைதான், ஆனால் தெரிந்த சொல்லைப் பார்த்தவுடன் பொருள் தட்டுப்படுகிற வேகம் இன்னும் வரவில்லை. அந்த வேகம் எளிய நூலில்தான் வரும்.

நிலையைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழிக்கல்வி ஆய்வுகளில் நிலைத்துவிட்ட அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிது. ஜப்பானியத்தில் சொல்லுக்குத் தோராயமாக இரண்டு எழுத்து என்று வைத்தால், நூறு எழுத்துக்கு ஒரு புதுச் சொல். ஒரு பக்கத்தில் அதற்கு மேல் மூன்று, நான்கு என்று வந்தால் ஒரு நிலை இறங்கிவிடுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை.

இனி, தமிழருக்கு இந்த நூல்களில் இருக்கும் தனி வசதி. ஜப்பானியப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவரை மனத்தில் வைத்து எழுதியவை. ‘வினை கடைசியில் வரும்’ என்பதற்கே அரை பக்க விளக்கம் இருக்கும். நமக்கு வினை வேறு எங்கே வரும்? இரண்டாம் நிலை நூல்களின் பாணியில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘கினோ கத்தா பன் ஓ தபெத்தே ஷிமத்தா இனு வா, இசு நோ ஷிதா தே நெத்தே இமாஸ்.’ கினோ, நேற்று. கத்தா, வாங்கிய. பன் ஓ, ரொட்டியை. தபெத்தே ஷிமத்தா, தின்றுவிட்ட. இனு வா, நாய். இசு நோ ஷிதா தே, நாற்காலியின் கீழே. நெத்தே இமாஸ், தூங்கிக்கொண்டிருக்கிறது. சொல் வரிசையில் ஓர் இடம்கூட மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் பெயர்த்தால் நாயை முதலில் கொண்டுவந்து, நேற்றை நடுவுக்குத் தள்ளி, வாக்கியத்தையே புரட்டிப் போட வேண்டும். ஆங்கில வழியாகப் படித்துப் பழகிய தமிழர் இந்தப் புரட்டலைத் தேவையே இல்லாமல் இரண்டு முறை செய்கிறார்.

துணைவினைகள் இன்னும் நெருக்கம். ‘ஷிமத்தா’ நம்முடைய ‘விட்டது’தான், முடிந்துபோனது, கூடவே கொஞ்சம் ‘அடடா’. ‘கொவரெத்தே ஷிமத்தா’ என்றால் உடைந்துவிட்டது. ‘தபெத்தே மிரு’, சாப்பிட்டுப் பார்; ‘மிரு’ என்பதற்கு நேர்ப்பொருளும் ‘பார்’தான். ‘கத்தே ஒக்கு’, வாங்கி வை. ‘ஒக்கு’ என்றால் ‘வை’. ‘இத்தா கொதோ கா அரு’, போனது உண்டு. ‘யார்’ என்பதற்கு ‘தரே’, ‘யாரும் இல்லை’யில் வரும் ‘யாரும்’ ‘தரேமோ’, ‘யாரோ’ ‘தரேக்கா’. ‘-உம்’மும் ‘-ஓ’வும் அங்கே ‘மோ’வாகவும் ‘கா’வாகவும் உட்கார்ந்திருக்கின்றன. பாடநூல் தனித்தனி இலக்கணப் புள்ளிகளாக எண் போட்டுத் தருகிற இவற்றைத் தமிழ்க் காதோடு படித்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறையும். விளக்கமே இல்லாத தடோக்கு நூல் நமக்கு ஒத்துவருவதற்கு இதுதான் காரணம்: விளக்கம் இல்லாததால் நடுவில் ஆங்கிலமும் இல்லை.

ஆனால் இந்த நெருக்கமே காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. அதைச் சொல்லாமல் பாராட்டினால் விமர்சனம் ஆகாது.

முதல் இடம், எழுவாய். தமிழில் ‘வந்தான்’ என்றால் போதும், யார் என்று விகுதி சொல்லிவிடும். ஜப்பானிய ‘கிமாஷிதா’ வந்தேனா, வந்தாயா, வந்தாளா, வந்ததா என்று எதுவும் சொல்லாது. எழுவாயை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு. விட்டதை ஈடுகட்டும் விகுதி ஒன்றுக்குத்தான் உண்டு. அதனால் இரண்டாம் நிலைக் கதையில் மூன்று பேர் வந்துவிட்டால், யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதில் குழம்பிப்போவோம். தப்பிக்கும் வழி கொடுக்கல் வாங்கல் வினைகளில் இருக்கிறது. ‘குரெரு’ என்று வந்தால் பொருள் பேசுபவர் பக்கம் வருகிறது. ‘அகெரு’ என்றால் பிறருக்குப் போகிறது. தமிழிலும் இந்த வேறுபாடு இருந்ததுதான். ‘தா’வும் ‘வா’வும் தன்மை முன்னிலைக்கு, ‘கொடு’வும் ‘செல்’லும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் பிரித்துவைத்திருக்கிறது. இன்று நாம் இரண்டையும் கலந்துவிட்டோம். ‘குரெரு என்றால் தா, அகெரு என்றால் கொடு’ என்று பழைய கணக்கைத் தூசி தட்டிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, சுட்டு. ‘கொனோ, சொனோ, அனோ, தொனோ’ என்பது இந்த, உந்த, அந்த, எந்த. கேட்பவருக்கு அருகே இருப்பதைச் சுட்டும் ‘உந்த’, ‘உது’ யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் புழக்கத்தில் இருப்பதால் ஈழத்தவருக்கு ‘சொனோ’ ஒரு நொடியில் விளங்கும். தமிழ்நாட்டார் அதை ‘அந்த’ என்று ஒட்டிவைத்துக்கொள்வார்கள். பேச்சில்தான் இந்தக் கணக்கு. எழுத்தில் வேறு: சற்றுமுன் சொன்ன பையனை ‘அந்தப் பையன்’ என்று குறிப்பிட ஜப்பானியம் ‘சொனோ’வைத்தான் எடுக்கும். கதையில் ‘அனோ’ வந்தால், பேசுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, தூரத்து ஒன்று என்று பொருள். இதைத் தவறவிட்டால் கதையில் இல்லாத இரண்டாவது பையன் ஒருவன் முளைத்துவிடுவான்.

மூன்றாவது, ‘-தே இரு’. இதை ‘கொண்டிரு’ என்று மட்டும் பழகியவர் ‘ஷிந்தே இரு’ என்பதை ‘செத்துக்கொண்டிருக்கிறது’ என்று படிப்பார். அது ‘செத்துக்கிடக்கிறது’. ‘கெக்கோன் ஷிதே இரு’ என்றால் கல்யாணம் நடந்துகொண்டிருக்கவில்லை, ஆகியிருக்கிறது. நொடியில் முடிந்துவிடும் வினை என்றால் ‘-இரு’. நீளும் வினை என்றால் ‘-கொண்டிரு’.

படிக்கும் முறைக்கு வருவோம். ஒரு நூலுக்கு மூன்று சுற்று போதும். முதல் சுற்றில் எழுத்தையே பார்க்காமல் படங்களை மட்டும் கடைசிவரை புரட்டுங்கள், ஒரு நிமிடம். இரண்டாம் சுற்றில் ஒலியை ஓடவிட்டு வரிகளைக் கண்ணால் தொடருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். சொற்களுக்கு நடுவே இடம்விடாமல் எழுதும் மொழியில், எந்த இடத்தில் மூச்சு விட்டுப் பிரிப்பது என்பதைக் காதுதான் முதலில் கற்றுக்கொடுக்கும். மூன்றாம் சுற்று மௌன வாசிப்பு, கடிகாரத்தோடு. நூலின் எழுத்து எண்ணிக்கையை நிமிடத்தால் வகுத்துக் குறித்துவையுங்கள். எழுத்தை எண்ணவா என்று மலைக்க வேண்டாம். ஒரு முழு வரியில் எத்தனை என்று எண்ணி வரிகளால் பெருக்கினால் போதும்.

தொடக்கத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 80 எழுத்து வந்தால் சரியான பாதைதான். ஜப்பானியர் 400 முதல் 600 வரை படிப்பார்கள் என்பார்கள். அந்தக் கணக்கு நமக்கு இப்போது வேண்டாம். நாளுக்குக் கால் மணி நேரம், நிமிடத்துக்கு 80 என்றால் 1,200 எழுத்து. முதல் நிலையில் சராசரி ஆயிரம் எழுத்துள்ள இருபது நூல்களைப் பதினேழு, பதினெட்டு நாளில் முடிக்கலாம். அடுத்த நிலைக்குப் போகலாமா என்பதற்குச் சொல்லறிவை விட வேகமே நல்ல அளவுகோல். அதே நிலையில் 120-ஐத் தொட்ட பிறகு ஏறுங்கள். ஏறியவுடன் வேகம் 80-க்கு விழும். விழத்தான் செய்யும்; பத்து நூலில் மீளும்.

அகராதி விதியைப் பற்றி அமைப்பு சொல்வதோடு இங்கே கொஞ்சம் உடன்பாடில்லை. 0 முதல் 2 வரை அது சரி. படமும் கதையும் பொருளைச் சொல்லிவிடும். அகராதியைத் திறந்த நிமிடமே ஓட்டம் அறுந்துபோகும். மூன்றாம் நிலையில் படம் குறைந்து எழுத்து கூடுகிறது. ஊகம் தப்பாகப் போனால் திருத்த ஆள் இல்லை. அங்கே ஒரு சமரசம்: படிக்கும்போது திறக்காதீர்கள். முடித்த பிறகு, அந்த நூலில் மூன்று முறைக்கு மேல் எதிர்ப்பட்ட சொற்களில் ஐந்தை மட்டும் பாருங்கள். ஆறாவது வேண்டாம். ஒரே ஒரு முறை வந்த சொல்லைத் தேடி எழுதிவைப்பது குறிப்பேட்டைத்தான் நிரப்பும்.

குறிப்பேடு என்றதும் ஒன்று. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள். இந்தக் கட்டுரை அதைத்தான் செய்கிறது. இங்கே வேறு வழியில்லை. ‘பஸ்’ஸில் வரும் ப-வும் ‘பழ’த்தில் வரும் ப-வும் நமக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு இரண்டு. ‘சாவி’க்கும் ‘சீமைப் பனிச்சைப் பழ’த்துக்குமான சொற்கள் ஒற்றை ஒலிப்பில்தான் வேறுபடுகின்றன, தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககி’. மாறாக, குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறவிச் சொத்து. ‘பிரு’ கட்டடம், ‘பீரு’ பியர். ‘கிதே’ வந்து, ‘கித்தே’ தபால்தலை. ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி. படு, பாடு, பட்டு என்று வளர்ந்தவர் இதில் தடுமாறக் கூடாது. ஆனால் பிறமொழிச் சொற்களை எழுதும் கத்தகானாவில் நெடிலைக் காட்டுவது ஒரு வெறும் கோடு என்பதால் கண் அதைத் தாண்டி ஓடிவிடும். அந்தக் கோட்டைப் பார்த்தால் ஒரு மாத்திரை நிறுத்தப் பழக வேண்டும்.

தொகுப்பின் பெரிய குறை என்று சொல்ல வேண்டியது ஃபுரிகானா. சீனத்திலிருந்து வந்த எழுத்தான கான்ஜியின் தலைமேல் பொடி எழுத்தில் உச்சரிப்பைக் கொடுக்கும் இந்த ஏற்பாடு, தொடக்கத்தில் ஊன்றுகோல். நாற்பது நூல் கழிந்த பிறகும் அதுவே ஊன்றுகோலாக இருந்தால் கால் வளராது. கண் தானாகவே எளிதான பக்கம் போகும். பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கீழே இருக்கும் கான்ஜியைப் பார்க்காமலே நகர்ந்துவிடும். ‘மத்சு’ காத்திருத்தல், ‘மொத்சு’ கையில் வைத்திருத்தல். இரண்டு கான்ஜிக்கும் வலப்பக்கம் அச்சு அசல் ஒன்றே. இடப்பக்க உறுப்பு மட்டும் மாறும். ஃபுரிகானாவோடு நூறு முறை படித்தவருக்கும் அந்த உறுப்பு கண்ணில் பட்டிருக்காது. தேர்வுத்தாளில் ஃபுரிகானா இல்லாமல் வரும்போது, பேருந்துக்குக் காத்திருக்கிறவர் பேருந்தைக் கையில் ஏந்திக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்து தளத்தில் இல்லை. நாமே செய்துகொள்ள வேண்டும். பிடிஎஃப்பைக் கைப்பேசியில் படிக்காமல் அச்செடுங்கள். ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டு என்று போட்டால் முதல் நிலை நூல் ஒன்று சில தாள்களில் முடிந்துவிடும், ஜெராக்ஸ் கடையில் டீக்காசு. கனமான அட்டையில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று வெட்டி, மறுநாள் இரண்டாம் வாசிப்பில் வரிக்கு மேலே வைத்து ஃபுரிகானாவை மறைத்தபடி இறக்கிக்கொண்டே வாருங்கள். தட்டும் இடத்தில் மட்டும் கீற்றைத் தூக்கிப் பார்த்து, அந்தக் கான்ஜியைப் பென்சிலால் வட்டமிடுங்கள். மேலிருந்து கீழாக எழுதிய நூல் என்றால் ஃபுரிகானா வரியின் வலப்பக்கம் இருக்கும். கீற்றை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். எந்த நூலையும் முதல் வாசிப்பிலேயே மறைக்காதீர்கள்; கதையும் போகும், கான்ஜியும் போகும். இரண்டாம் நிலையின் நடுவிலிருந்து இதைத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

கைப்பேசி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அந்தப் பொடி எழுத்துகளே. ஒரே எழுத்தின் மூலையில் இரண்டு கீறல் இருந்தால் ‘பஸ்’ ப, குட்டி வட்டம் இருந்தால் ‘பழ’ ப. ஆறு அங்குலத் திரையில் ஒரு முழுப் பக்கத்தை அடக்கினால் கீறலும் வட்டமும் ஒரு புள்ளியாகிவிடும். பெரிதாக்கிப் படித்தால் படம் திரைக்கு வெளியே போய்விடும். இந்த நூல்களில் பாதிப் பொருள் படத்தில்தான் இருக்கிறது. பத்து அங்குல டேப்லெட் இருந்தால் சமாளிக்கலாம். சொல்மேல் சுட்டியை வைத்தால் பொருள் காட்டும் யோமிதான் போன்ற உலாவி நீட்சிகள் குரோமின் சொந்த பிடிஎஃப் காட்டியில் வேலை செய்யாது. அகராதி விதியைக் காப்பாற்ற அது ஒரு வகையில் நல்லதும்கூட.

தரத்தைப் பொறுத்தவரை, தொகுப்பு சீரானது இல்லை. நாட்டார் கதைகளும், உணவு, விழா, ஊர் பற்றிய அறிமுகங்களும் நன்றாக வந்திருக்கின்றன. படங்கள் வேலை செய்கின்றன. சில நூல்கள் பயிற்சிப் பட்டறை வாசனை மாறாமல் இருக்கின்றன: மூன்று பேர் வருவார்கள், ஏதோ சாப்பிடுவார்கள், கதை முடிந்துவிடும். நான்காம் விதி இங்கேதான் உதவுகிறது. பிடிக்கவில்லையென்றால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுங்கள். மேலே போகப்போக இலவசத் தேர்வு குறுகிவிடும். 0-இலும் 1-இலும் அள்ள அள்ள வருகிறது. நான்கிலும் ஐந்திலும் அந்தத் தாராளம் இல்லை. அங்கே அச்சு நூல்களை வாங்க வேண்டிவரும். ஜப்பானிலிருந்து வரவழைத்தால் நூலின் விலையை அஞ்சல் செலவு எட்டிப்பிடிக்கும் என்பதால், படிக்கும் நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடுவதும் ஒரு வழி.

கேள்வி பதில் பயிற்சி இல்லை, சொற்பட்டியல் இல்லை, எவ்வளவு படித்தோம் என்று கணக்கு வைக்கும் வசதி இல்லை. முதல் இரண்டும் வேண்டுமென்றே விட்டவை. குறை சொல்ல முடியாது. ஆனால் தேர்வுக்குப் போகிறவர் ஒன்றை அறிய வேண்டும்: வாசிப்புப் பகுதியின் கடைசியில் வரும் விளம்பரத் தாள், அறிவிப்புப் பலகை, கட்டணப் பட்டியல் வகைக் கேள்விகளுக்கு இந்த நூல்கள் ஒரு துளியும் பழக்கம் தராது. அங்கே கதையைப் போல மேலிருந்து கீழாகப் படிப்பதே தப்பு. முதலில் கேள்வியைப் படித்து, நாள், வயது, கட்டணம் என்ற நிபந்தனைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு, தாளில் அந்தக் கட்டங்களை மட்டும் தேட வேண்டும். அடியில் நட்சத்திரக் குறியோடு பொடி எழுத்தில் இருக்கும் விதிவிலக்கில்தான் பெரும்பாலும் விடை ஒளிந்திருக்கும். என்3-இல் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்து 70 நிமிடம்தான். இதற்குப் பழைய மாதிரித் தாள்களை ஒரு மாதம் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே வேலைக்கு வேறு என்ன இருக்கிறது? ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகள் இரண்டாம் நிலை முடித்தவருக்கு நல்ல இணை. ஃபுரிகானாவை மறைக்கும் பொத்தான் அங்கே உண்டு. கீற்று வெட்ட வேண்டாம். ஆனால் நடை வறட்சி. பெயரெச்சத்தை நீட்டி நீட்டி அடுக்கும் செய்தி வாக்கியங்களுக்கு அது நல்ல பழக்கம், கதை இன்பத்துக்கு அல்ல. ஒரு உபாயம்: அதே உலகச் செய்தியைத் தமிழ் நாளிதழில் முதலில் படித்துவிட்டுப் போங்கள், ஊகம் சரியாக விழும். சதோரி ரீடர் என்ற தளம் சந்தா கட்டிப் படிப்பது. உங்களுக்குத் தெரிந்த கான்ஜி எவை என்று சொல்லிவைத்தால் அவற்றுக்கு மட்டும் ஃபுரிகானாவை எடுத்துவிடும். வரிக்கு வரி விளக்கமும் இருக்கிறது. தடோக்குவின் பெரிய குறையை அது நேராகத் தீர்க்கிறது, ஆனால் அந்த விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மைப் பழைய சுற்றுவழிக்கே திருப்பிவிடுகிறது. 1997 முதல் நடக்கும் அவோசோரா புன்கோ என்ற இணைய நூலகத்தில் காப்புரிமை தீர்ந்த இலக்கியம் குவிந்துகிடக்கிறது. என்2-க்கு முன் அங்கே எட்டிப் பார்ப்பது வீண் மனவருத்தம்.

மொத்தத்தில் 0 முதல் 2 வரையிலான இலவசத் தொகுப்புக்கு ஈடாகக் காசு கொடுத்து வாங்கும் எதையும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நிலை அட்டைக் கீற்றோடும் ஐந்து சொல் வரம்போடும் நன்று. நான்கிலிருந்து கலப்புதான்: வாரத்துக்கு இரண்டு நாள் தடோக்கு, மற்ற நாட்களில் செய்தி. டிசம்பர் என்3-க்குக் குறிவைப்பவர் ஜூனில் 0-ஐத் தொடங்கினால், ஆகஸ்ட் கடைசியில் இரண்டாம் நிலையைக் கடந்து, அக்டோபர் முழுக்க மூன்றாம் நிலையில் இருக்கலாம். நவம்பரை மாதிரித் தாள்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த மாதம் இரவு படுக்கப்போகும் முன் ஒரே ஒரு முதல் நிலை நூல், கடிகாரம் இல்லாமல்.